கணக்கு வாராத பிள்ளைக்கு எப்பாடம்?

(நமது சங்கத்தின் கல்விக் குழுவார் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகும் நாட்களில் நம்மவர் வீடுகளில் நடப்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதிப்பெண் தாள் கைக்கு வருமுன்னரே, “எந்தக் குரூப்?” என்னும் வினா வந்துவிடுகின்றது. பெரியப்பா ஒன்று சொல்லுவார்; தாய்மாமன் வேறொன்று சொல்லுவார்; அடுத்த வீட்டார் கேளாமலே ஒன்று சொல்லுவார். பதினைந்து வயதுப் பிள்ளை இவர்களுக்கு நடுவே வாய்திறவாது நிற்கும். கணக்கு நன்றாக வரும் பிள்ளையாயின் இதனால் பெரிய தீங்கொன்றும் இல்லை. எவ்வழி சென்றாலும் அது கரையேறும். கணக்குக் கடினமாயிருக்கும் பிள்ளையின் நிலையோ வேறு. அதற்கு அந்த ஒரு வாரத்தில் எடுக்கப்படும் முடிவு, இரண்டாண்டுக் காலத்து உறக்கத்தையும் ஊக்கத்தையும் பாதிக்க வல்லது. ஆதலின், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஹைஸ்கூல் வகுப்புகளில் கணிதம் கற்பித்தவன் என்னும் உரிமையால், அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி மாத்திரமே இன்று பேசத் துணிந்தேன்.

முதற்கண், “கணக்கு வாராது” என்று நாம் சொல்லுகின்றோமே, அதன் பொருள் யாது? இதனை ஆராயாமலே பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, நோயை அறியாமல் மருந்தை வாங்குவதாகும். என் அனுபவத்தில், பத்தாம் வகுப்பில் கணக்கு வாராத பிள்ளைகளுட் பெரும்பாலாருக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு தடையாயிருந்ததில்லை. ஆறாம் ஏழாம் வகுப்புக் கணக்கே தடையாயிருந்தது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். முக்காலும் மூன்றில் இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டி ஐந்து என்றும், கீழே உள்ள எண்களைக் கூட்டி ஏழு என்றும் வைத்து, ‘ஏழில் ஐந்து’ என்று பிள்ளை விடை சொல்லுமாயின், பின்னம் என்பது இன்னதென்றே அதற்கு விளங்கவில்லை என்று அறிக. விடை ஒன்றுக்கு மேற்பட்டதாக, பன்னிரண்டில் பதினேழாக அன்றோ வரவேண்டும்! அரைக்கு மேற்பட்ட இரண்டு பங்குகளைச் சேர்த்தால் ஒன்றுக்குக் குறையுமா என்று அப்பிள்ளை தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதுபோலவே, குறை மூன்றிலிருந்து மேலும் ஐந்தைக் கழித்தால் என்ன என்று கேட்டால், “குறையும் குறையும் சேர்ந்தால் மிகை” என்று பெருக்கலின் விதியைக் கொண்டுவந்து கழித்தலில் பொருத்தி, மிகை எட்டு என்னும். மூன்று ரூபாய் கடன்பட்டவன் மேலும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் எட்டு ரூபாய்ச் செல்வனாவானா? கிலோ 64 ரூபாய் விற்கும் பண்டத்தில் 750 கிராம் என்ன விலை என்று கேளுங்கள். 800 ரூபாய்ப் புடவைக்கு நூற்றுக்குப் பத்து ஏற்றி, ஏற்றிய விலையில் நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் பழைய விலையே வருமா என்று கேளுங்கள். 792 ரூபாய்தான் வரும் என்று பிள்ளை சொன்னால், அதன் தலையில் குறையொன்றுமில்லை. எங்கோ இடையில் இயற்கணிதம் வந்தபோது கை நழுவிற்று என்று கொள்ளலாம்.

இக்குறை பத்தாம் வகுப்புவரை எவர் கண்ணிலும் படாமல் வருவதற்குக் காரணமும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், எட்டாம் வகுப்புவரை எப்பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைத்தலை விலக்கிற்று. 2019-ல் அச்சட்டம் திருத்தப்பெற்று, ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் என்ன செய்வது என்பது அந்தந்த அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது. சட்டத்தை யான் குறைகூறவில்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தவறியவன் என்று முத்திரையிட்டு உட்காரவைத்ததால் அது கணக்குக் கற்றதை யான் கண்டதில்லை. ஆயினும், பரீட்சை என்னும் அபாய மணி ஒலியாதபோது, வீட்டார் தாமாக எட்டிப் பார்க்கவேண்டும் என்பதை நம்மவர் மறந்தனர்.

“எங்கள் குடும்பத்துக்கே கணக்கு வாராது” என்று தாய்மார் பிள்ளையின் எதிரே சொல்லுகின்றனர். இது மிகவும் தீய சொல். நம் முன்னோர் பலர் தறியிலும் ஜவுளிக் கடையிலும் காலங்கழித்தவர்கள். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது என்று பொருள். அதாவது 33,600 கஜம். எண்பதாம் நம்பர் என்றால் அதே எடையில் இருமடங்கு நீளம். ஆகையால் இழை மெலிது. நம்பர் ஏற ஏற நூல் நுணுகும் என்னும் இதனையே பாடபுத்தகம் எதிர்மாறல் என்று பெயரிட்டு ஓர் அதிகாரமாக வைத்திருக்கின்றது. பாவுக்கு இத்தனை இழை, ஊடைக்கு இவ்வளவு நூல், பத்துப் புடவைக்கு எத்தனை சிட்டம் என்று வாய்க்கணக்காகச் சொன்ன பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவன், மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று உறக்கத்திலும் சொல்லுவான். இவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இரத்தத்திலேயே கணக்கில்லை என்பது எவ்வாறு பொருந்தும்?

மற்றொரு வகையினரும் உளர். கணக்கு விளங்கும், ஆனால் கணக்கு எழுதப்பட்ட பாஷை விளங்காது. எட்டாம் வகுப்புவரை தமிழில் கற்று ஒன்பதில் இங்கிலீஷுக்கு மாற்றப்பட்ட பிள்ளைகள் இவ்வகையினர். அவர்களிடம் கணக்கைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். விடை வந்தால், குறை கணிதத்தில் இல்லை. வேறு சிலர் அச்சத்தால் மறப்பவர்கள். வீட்டில் சரியாகச் செய்து, கரும்பலகையின் முன் வியர்ப்பவர்கள். இனி, மிகச் சிலருக்கு உண்மையிலேயே எண்களின் அளவும் வரிசையும் மனத்தில் நில்லாத ஒரு பிறவிக் குறை உண்டு. கடிகாரம் பார்ப்பதும், சில்லறை எண்ணுவதும், வாய்பாட்டை நாளை நினைவில் வைப்பதும் பன்னிரண்டு வயதிலும் அவர்களுக்குக் கடினமாயிருக்கும். ஏனைய பாடங்களில் அவர்கள் கூர்மையாகவே இருக்கலாம். இதனைக் கணிதக் கற்றல் குறைபாடு என்பர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இதனையும் கற்றல் குறைபாடுகளின் கீழ்ச் சேர்த்து அங்கீகரித்திருக்கின்றது. உரிய மருத்துவச் சான்று பெற்றால், பரீட்சையில் அதிக நேரம் முதலிய சலுகைகள் உண்டு. சான்று வாங்குவதை அவமானமென்று நம்மவர் ஒதுக்குகின்றார்கள். கண் மங்கியவன் மூக்குக்கண்ணாடி அணிவதை எவரேனும் அவமானம் என்றனரா?

இவற்றுள் எவ்வகை என்று தெளிந்தபின்னரே பாடத் தேர்வுக்கு வரவேண்டும். பின்னமும் குறையெண்ணும் விட்டுப்போனவன் ஒரு கோடை விடுமுறையில் மீளக்கூடும். பாஷை தடையானவன் ஆறு மாதத்தில் மீளுவான். பிறவிக் குறையுள்ளவனை மீட்பேன் என்று பிடிவாதம் செய்வது அப்பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. மூவருக்கும் ஒரே குரூப்பை எவ்வாறு சொல்லுவது?

பத்தாம் வகுப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்லுகிறேன். நமது மாநிலப் பாடத்திட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மாணவனுக்குக் கணிதத்தில் தெரிவு என்பது இல்லை. எல்லாரும் எட்டு அதிகாரங்களைக் கொண்ட ஒரே புத்தகத்தைப் படித்து, நூறு மதிப்பெண்ணுக்கு ஒரே தாளை எழுதுகின்றார்கள். தேற 35 வேண்டும். இங்கே வயது முதிர்ந்தவர்கள், தங்கள் காலத்தில் ஜெனரல் மாத்தமாடிக்ஸ் என்றும் காம்போஸிட் மாத்தமாடிக்ஸ் என்றும் இரண்டு இருந்ததை நினைப்பார்கள். முன்னதை எடுத்து, பெரிய வியாபாரத்தை நடத்தியவர்கள் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றார்கள். அந்த ஏற்பாடு இப்போது இல்லை. இக்காலத்துத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் 10, ஐந்து மதிப்பெண் வினாவில் 10, எட்டு மதிப்பெண் வினா 2 எழுதவேண்டும். எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். தொடுகோடும், வடிவொத்த முக்கோணமும், இருபடிச் சமன்பாட்டின் வரைபடமும் கைப்பழக்கத்தால் வருவன. தறியில் கை பழகுவது போலவே பழகும். இவ்விரண்டில் 13, ஒரு மதிப்பெண் வினாக்களில் 9, இரண்டு மதிப்பெண் வினாக்களில் 9, ஐந்து மதிப்பெண் வினாக்களில் 7 எனின், கூட்டுத்தொகை 38. கணக்கில் மிகவும் பின்தங்கிய பிள்ளையும் இதனை அடையலாம். இது கல்வியன்று, கரையேற்றுதல் என்று என் சக உபாத்தியாயர்கள் நகைப்பர், நகைக்கட்டும். ஆற்றின் நடுவில் நிற்பவனுக்கு முதலிற் கரை வேண்டும். அவ்வாறு முயன்றும் தவறிவிட்டால், அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாவதில்லை. முடிவு வந்த அன்று மாலை பிள்ளையைத் தனியே விடாதீர்கள் என்பதை மாத்திரம் தாய்மாரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பேச ஆளில்லையெனின், பள்ளிக் கல்வித் துறையாரின் 14417 என்னும் தொலைபேசி எண் உண்டு.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிள்ளைகளை விட்டிருப்போர்க்கு ஒரு தெரிவு உண்டு. 2020-ஆம் ஆண்டுப் பரீட்சை முதலாக அங்கே பத்தாம் வகுப்புக் கணிதம் ‘ஸ்டாண்டர்டு’ என்றும் ‘பேஸிக்’ என்றும் இருவகைத் தாளாக நடைபெறுகின்றது. பலர் நினைப்பது போலப் பாடம் இரண்டன்று. புத்தகம் ஒன்றே, வகுப்பு ஒன்றே, உள்மதிப்பீடும் ஒன்றே; இறுதித் தாளின் கடுமை மாத்திரமே வேறு. ஆகையால் பேஸிக் எடுத்தவன் ஏதோ மட்டமான வகுப்பில் உட்காருகிறான் என்னும் வெட்கம் வேண்டாம். மேற்கொண்டு கணிதம் கற்கும் எண்ணம் இல்லாதார்க்காக அது வகுக்கப்பட்டது. பேஸிக் எடுத்தவன் பதினொன்றில் ‘அப்ளைடு’ என்னும் பயன்முறைக் கணிதத்தை எடுக்கலாம். முழுக் கணிதத்தை எடுப்பதற்கிருந்த தடை இடையிடையே தளர்த்தப்பட்டு வந்திருக்கின்றமையால், அவ்வாண்டின் விதி இன்னது என்பதைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலமாகவே கேட்டுப் பெறுக. வாய்ச்சொல்லை நம்பி ஜூன் மாதத்தில் அலைவோரை யான் ஆண்டுதோறும் காண்கிறேன். என் அபிப்பிராயம் யாதெனில், எஞ்சினியரிங் ஆசை பிள்ளைக்கே, பெற்றோர்க்கன்று, பிள்ளைக்கே இருந்தால் ஸ்டாண்டர்டு. இல்லையேல் பேஸிக் எடுத்து மிச்சமாகும் நேரத்தை ஏனைய பாடங்களில் செலவிடுவது அறிவுடைமை.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். 1978-ல் நம் மாநிலத்தில் மேனிலை வகுப்புகள் ஏற்பட்டது முதல், பதினோராம் வகுப்பே வழி பிரியும் இடமாயிற்று. கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் மூன்றோடு உயிரியலையோ கம்ப்யூட்டரையோ சேர்த்த குரூப்பே ‘முதல் குரூப்’ என்று நம்மவரால் பெயரிடப்பட்டு, அதில் இடம் பெறுவது குடும்ப கௌரவமாகவும், பெறாதது குறையாகவும் கருதப்படுகின்றது. ‘முதல்’ என்பது வரிசை எண். தகுதியின் அளவுகோல் அன்று என்று எத்தனை முறை சொன்னாலும் நம்மவர் காதில் ஏறுவதில்லை.

அந்தக் குரூப்பிலுள்ள கணிதம் எத்தன்மைத்து என்று பெற்றோர் பாடபுத்தகத்தைப் புரட்டியேனும் பார்க்கவேண்டும். பதினொன்றில் பன்னிரண்டு அதிகாரம். பன்னிரண்டில் மறுபடியும் பன்னிரண்டு. கணங்களில் தொடங்கி, முக்கோணவியல், ஈருறுப்புத் தேற்றம், வெக்டர், வகையீடு, தொகையீடு என்று செல்லும். மறுவருடம் கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள் வரை ஏறும். இவற்றுள் ஒவ்வொன்றும் முந்தியதன்மேல் நிற்பது. பத்தாம் வகுப்பில் வரைபடத்தாலும் ஒரு மதிப்பெண் வினாவாலும் 40 பெற்ற பிள்ளைக்கு அந்த உபாயம் இங்கே கைகொடாது. மேலும் ஒன்று கவனியுங்கள். நம் மாநிலத்து எஞ்சினியரிங் சேர்க்கையில் தரவரிசை 200-க்குக் கணக்கிடப்படுகின்றது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50. ஆகவே, எப்பாடத்தில் பிள்ளை மெலிவோ அப்பாடமே பாதி நிறையாக நிற்கின்றது. மெலிந்த காலின்மேல் உடலின் பாதிப் பாரத்தை ஏற்றி ஓடச் சொல்லுகின்றோம். அதுவுமன்றி, இழுத்துப்பிடித்து எஞ்சினியரிங் வகுப்பில் நுழைந்துவிட்டாலும், அங்கே முதலாண்டிலேயே கணிதம் காத்திருக்கின்றது.

நமக்கு அறிமுகமான ஒரு வீட்டில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் கூறுகிறேன். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 41 மதிப்பெண் பெற்ற பையன். படம் வரைவதில் கெட்டிக்காரன்; கடையில் தகப்பனாருக்கு உதவியாக இருந்து, எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போகும் என்பதை அறிந்தவன். “முதல் குரூப் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்” என்று தகப்பனார் பணங்கட்டி ஒரு தனியார் பள்ளியில் இடம் வாங்கினார். காலாண்டுத் தேர்வில் கணிதம் 9. அரையாண்டில் 6. தை பிறந்தபின் பையன் புறப்படுவான், பள்ளிக்குப் போகமாட்டான். பஸ் ஸ்டாண்டிலே பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவான். மூன்று வாரம் கழித்தே வீட்டார் அறிந்தனர். மறு ஆண்டு வேறு பள்ளியில் வணிகவியலில் சேர்த்தார்கள். பிறகு நன்றாகவே படித்தான். ஓராண்டு போயிற்று, அதனினும் பெரிதாக, தகப்பனும் மகனும் முகங்கொடுத்துப் பேசாத ஓராண்டு போயிற்று.

அதற்கு மாறான ஒன்றையும் சொல்லாவிடில் யான் ஒருபக்கம் சாய்ந்தவனாவேன். 52 மதிப்பெண் பெற்ற ஒரு பெண். வீடு கட்டும் கலையைக் கற்கவேண்டும் என்று சிறுவயதிலிருந்தே ஆசை. அதற்குக் கணிதம் இன்றியமையாதது. வீட்டார், “பெண்ணுக்கு எதற்குக் கணக்கு? பி.காம். போதும்” என்றார்கள். அவள் ஒப்பவில்லை. அந்தக் கோடை முழுவதும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தையும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தையும் எடுத்து, இயற்கணிதத்தை முதலிலிருந்து செய்தாள். பதினொன்றில் முதல் மூன்று மாதம் தள்ளாடினாள், பின்னர் நிமிர்ந்தாள். இவ்விருவருக்கும் வேற்றுமை பதினொரு மதிப்பெண் அன்று. அவளுக்கு வேண்டியிருந்தது, அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுடைய குறை இன்ன இடத்தில் என்று கண்டறியப்பட்டது. அவனுடைய குறையை எவரும் தேடவில்லை. பெண் என்பதற்காகக் கணிதத்தை மறுப்பதும், ஆண் என்பதற்காகத் திணிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது என் துணிபு.

கணிதமில்லாத குரூப்புகளைப் பற்றியும் நம்மவரிடையே பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல் கொண்ட குரூப்பை எடுத்தால் கணக்கு முற்றும் ஒழிந்தது என்பர். பௌதிகத்தில் சமன்பாடுகளும் வெக்டரும் இருக்கவே செய்கின்றன. நீட் பரீட்சையின் 180 வினாக்களில் 45 பௌதிகத்துக்குரியவை. அவற்றுட் பல கணக்கே. மருத்துவத்தையே குறிக்கோளாகக் கொள்ளாமல், செவிலியர் படிப்பு, உயிரியல் பட்டப்படிப்புகள் முதலியவற்றை நோக்குவோர்க்கு அது நல்ல வழி.

வணிகவியல் குரூப்பில் ‘வணிகக் கணிதமும் புள்ளியியலும்’ என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கண்டு, கடைக் கணக்குத்தானே என்று எண்ணி அதனை எடுத்து வருந்துவோர் பலர். அதிலும் அணிகளும், பகுமுறை வடிவியலும், முக்கோணவியலும், வகையீடும் உண்டு. நிதிக் கணிதமும் புள்ளியியலும் பின்னரே வருகின்றன. கணிதப் பாடத்தைவிடச் சற்று இளகியது என்பது உண்மை; எளிது என்பது பொய். எண்களில் ஓரளவு பழகியும், தேற்றங்களில் தடுமாறும் பிள்ளைக்கு அது பொருந்தும். எண்களே அச்சந்தரும் பிள்ளைக்கு, அதே வணிகவியல் குரூப்பில் வணிகக் கணிதத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பயன்பாடுகளோ, வரலாறோ, அரசியல் அறிவியலோ பள்ளிக்கேற்பக் கிடைக்கும். அவ்வாறு எடுத்தவனும் பி.காம். சேரலாம், சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். கணக்குப்பதிவியல் அவனுக்கு உண்டே என்பீராயின், அதற்கு வேண்டுவது கூட்டல், கழித்தல், நூற்றுவீதம், இவற்றோடு ஒழுங்கும் பொறுமையுமேயாம். நம் வீட்டுப் பேரேட்டை எழுதிய கணக்கப்பிள்ளைகளுக்கு வகையீடு தெரியாது.

ஆயினும் முன்னெச்சரிக்கையாக ஒன்று. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் ஆகவேண்டும் என்று இருப்போர்க்கு, முதற்படியான பவுண்டேஷன் பரீட்சையின் மூன்றாம் தாள் வணிகக் கணிதம், தர்க்க முறை, புள்ளியியல் இவற்றைக் கொண்டது, நூறு மதிப்பெண், ஒவ்வொரு தாளிலும் நாற்பது பெறவேண்டும். எந்தக் குரூப்பினரும் எழுதலாமெனினும், வணிகக் கணிதம் படித்தவனுக்கு அது வழக்கமான தெரு. படியாதவனுக்குப் புதிய ஊர்.

பத்தாம் வகுப்பு முடித்து, கணக்குக்கு அஞ்சிப் பாலிடெக்னிக்குக்கு ஓடுவோரும் உளர். அங்கும் முதலாண்டிலே எஞ்சினியரிங் கணிதம் உண்டு. ஆகையால், கைத்தொழிலில் விருப்பம் உண்டென்று பாலிடெக்னிக்குக்குப் போகவேண்டுமேயன்றி, கணக்கில்லை என்று போகலாகாது. கையால் கற்கவே விரும்புவோர்க்கு ஐ.டி.ஐ.யும், மேனிலை வகுப்பிலேயே தொழிற்கல்விப் பிரிவும் இருக்கின்றன. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே அரசினர் நிலையம் இருக்கின்றது; நம்மவருள் எத்தனைபேர் பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கின்றோம் என்பதை யான் கேட்கமாட்டேன், விடை எனக்குத் தெரியும்.

கணிதத்தை விட்டால் அடைபடும் கதவுகளையும் ஒளியாமல் சொல்லவேண்டும். எஞ்சினியரிங், கட்டடக்கலை, கணிதம், புள்ளியியல் என்னும் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் அடைபடும்; பி.எஸ்ஸி. பௌதிகத்துக்கும், பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிப்புகளுக்கும் கணிதம் கேட்பார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குரிய பரீட்சையில் கணிதத் தாள் ஒன்றே 300 மதிப்பெண். இவற்றுள் ஒன்றைப் பிள்ளை உள்ளன்போடு விரும்புமாயின் அதனைத் தடுக்காதீர்கள். கோடையில் அஸ்திவாரத்தைச் செப்பனிட்டுக் கொடுங்கள். இவற்றுள் ஒன்றையும் அது விரும்பாதிருக்க, “கதவு திறந்திருக்கட்டும்” என்று மாத்திரம் இரண்டாண்டு வருத்துவதில் பிரயோஜனம் இல்லை. நுழைய விரும்பாத கதவு திறந்திருந்தாலென்ன, அடைத்திருந்தாலென்ன?

மற்றொரு புறம், கணிதப் பாடத்தை விட்டாலும் எண்ணை முற்றும் விட்டுவிட முடியாது. அரசாங்க உத்தியோகத்தை விரும்புவோர் எழுதும் நான்காம் தொகுதிப் பரீட்சையில் 200 வினாக்களில் 25 திறனறி வினாக்கள். நூற்றுவீதம், வட்டி, விகிதம், காலமும் வேலையும் என்று எல்லாம் பத்தாம் வகுப்புக்கு உட்பட்டவை. ஆகையால், வரலாற்றுக் குரூப்பில் சேர்ந்த பிள்ளையும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பழைய கணக்கைச் செய்துவரட்டும். பரீட்சைப் பயமின்றிச் செய்யும்போது, முன்பு வாராத கணக்கும் சிலருக்கு வந்துவிடுவதைக் கண்டு யானே வியந்திருக்கிறேன்.

சேர்ந்தபின் தவறென்று தோன்றினால் என் செய்வது? முதல் சில வாரங்களுக்குள் குரூப் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான பள்ளிகள் இடங்கொடுக்கின்றன. ஆகவே முதல் மாதத்திலேயே பிள்ளையின் நோட்டைப் பாருங்கள், மதிப்பெண்ணைப் பாராதீர்கள். கரும்பலகையிலிருந்து எழுதியது தவிரத் தானாகச் செய்த கணக்கு ஒன்றேனும் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையெனின் வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். டியூஷனை மேலும் ஒன்று கூட்டுவது அந்நிலையில் மருந்தாகாது. நாளொன்றுக்குப் பள்ளி எட்டு மணி, டியூஷன் மூன்று மணி என்று பிள்ளையை நடத்துவோர், அதற்குத் தூங்க எத்தனை மணி என்றும் கணக்கிடுவார்களாக. அக்கணக்கு நமக்கு வருமே!

கும்பகோணத்து இராமானுஜன் வரலாறு எல்லாரும் அறிந்ததே. 1904-ல் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து, மற்றப் பாடங்களில் தவறி, அச்சம்பளத்தையும் இழந்தார்; பின்னர்ச் சென்னையிலும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. அவரை அறிவிலி என்று இன்று எவரும் சொல்லத் துணியார். ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் தவறியவனைப் போற்றும் நாம், மற்றவற்றில் ஒளிர்ந்து ஒரு பாடத்தில் தவறியவனை மாத்திரம் ஏன் தூற்றுகின்றோம்?

இறுதியாக, நம் சங்கத்தாரிடத்தில் ஒரு விண்ணப்பம். நமது கல்வி நிதியின் உபகாரச் சம்பள விதியில், மேனிலை வகுப்பில் ‘கணித, விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கு முன்னுரிமை’ என்று ஒரு வரி இருக்கின்றது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வரிதான். ஆயினும், ஏழைத் தகப்பன் ஒருவன் அந்தச் சம்பளத்துக்காகவே பிள்ளையை அக்குரூப்பில் தள்ளுகிறான் என்பதைக் குழுவினர் அறிவார்களாக. அவ்வரியை நீக்கி, எப்பிரிவினராயினும் வறுமையையும் உழைப்பையும் நோக்கி வழங்குமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் ஒன்று கொணர நினைத்திருக்கிறேன். ஆதரிக்க விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மேலும், வருகின்ற கோடையில் நம் சங்கக் கட்டடத்தின் மாடியில், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம், குறையெண், எளிய சமன்பாடு என்னும் மூன்றை மாத்திரம் முப்பது நாள் சொல்லிக்கொடுக்க யானும், ஓய்வுபெற்ற வேறு இரண்டு உபாத்தியாயர்களும் இசைந்திருக்கின்றோம். கட்டணம் இல்லை. பரீட்சை இல்லை. பிள்ளை கொண்டுவர வேண்டியவை ஒரு நோட்டும் ஒரு பென்சிலும். அழிப்பான் வேண்டாம், தவறாகச் செய்த கணக்கை யாங்கள் பார்க்கவேண்டும்.

 மதிப்பெண் தாளோடு வந்திருக்கும் பெற்றோர், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, இப்போதே வலப்பக்கத்து அறைக்கு வரலாம்.